அடுக்கம் பக்கம் திரும்பிய சக்கரம்

மலைமேல் மூஞ்சிக்கல் பஜாரில் அலாவுதீனின் இரும்புக் கடைக்குப் பின்னால் அவர் மகள் சப்ரினின் பட்டறை இருக்கிறது. திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. முடித்து வந்து அவள் வெல்டிங் மெஷினைக் கையில் எடுத்தபோது முகம் சுளித்தவர்கள்தான், இன்று வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் அவளிடம் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கணவன் ஜாசிம் மலைக் காய்கறியை பிக்கப்பில் ஏற்றி வத்தலக்குண்டு சந்தையில் இறக்குகிறவன்.

போன தை மாதம் கவுஞ்சி கிராமத்திலிருந்து ஜோதிமணி வந்தாள். பூண்டு போடுகிற குடும்பம். அவளுடைய அண்ணன் சேனாதிபதி ஐப்பசி மழையில் அடுக்கம் ரோட்டில் புல்லட்டோடு பள்ளத்தில் விழுந்து இறந்திருந்தான். நொறுங்கிய வண்டியை அவள் வேனில் போட்டுக் கொண்டுவந்தாள்.

"இத ஹார்ட்டெயிலா மாத்தணும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே கெடந்துச்சுக்கா. அதே மாதிரி செஞ்சு குடுங்க. நான் ஓட்டுறேன்."

ஹார்ட்டெயிலில் பின்னால் ஷாக் அப்சார்பர் கிடையாது. பின்சக்கரம் நேராகச் சட்டத்திலேயே உட்காரும். ரோட்டில் உள்ள கல்லெல்லாம் முதுகில் தெரியும். சப்ரின் பழைய சட்டத்தின் பின்பாதியை வெட்டியெடுத்துப் புதுக் குழாய்களைப் பற்றவைத்தாள். சேனாதிபதி வண்டியின் பின்சக்கரம் மட்டும் ஒரு கம்பிகூட வளையாமல் இருந்தது. அதையே மாட்ட முடிவு செய்தாள்.

மாட்டிய அன்று நூல் பிடித்தாள். பின் டயரைச் சுற்றி நூலைக் கட்டி, இரண்டு பக்கமும் முன்சக்கரம் வரை இழுத்து, இடைவெளி இருபுறமும் ஒன்றாக வரும்வரை செயின் அட்ஜஸ்டரைத் திருகினாள். அச்சு நட்டை இறுக்கி, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தாள். நட்டு அசைந்தால் கோடு உடையும்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தபோது பனி அவளுக்கு முன்னால் உள்ளே நுழைந்தது. வண்டி ஸ்டாண்டில் அப்படியே நின்றது. பின்சக்கரம் மட்டும் இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. வெள்ளைக் கோடு உடையவில்லை.

கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்து மறுபடி நூலைக் கட்டினாள். ஒரு பக்கம் நூல் டயரை உரசியது, மறுபக்கம் விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. கழற்றி, அச்சின் புஷ்ஷை மாற்றி, திரும்ப நேராக்கினாள். மறுநாளும் அதே கதை. பட்டறைச் சாவி வேறு யாரிடமும் இல்லை. வெல்டிங் சூடு ஆறும்போது சட்டம் இழுத்திருக்கும் என்று அளந்து பார்த்தாள்; சட்டம் நேராக இருந்தது. அன்று இன்னொன்றையும் கவனித்தாள். தரையையே தொடாத டயரின் பள்ளங்களில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது.

"மச்சான், எனக்கு மனசு சரியில்ல," என்று ஜாசிமிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் யோசித்துவிட்டு, "வண்டியத் திருப்பி வச்சுப் பாரு," என்றான்.

ரோட்டைப் பார்த்து நின்ற வண்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மறுநாள் காலை சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. வண்டியை எப்படி வைத்தாலும் அது பார்ப்பது ஒரே திசையைத்தான். அந்தப் பக்கம் அடுக்கம் பள்ளத்தாக்கு.

ஜோதிமணியை வரச் சொன்னாள். சப்ரின் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவள் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணன மேலயே, மரத்துல சிக்கிக் கெடந்தபடியே எடுத்துட்டாங்கக்கா. வண்டிதான் கீழ உருண்டு கெடந்துச்சு. கயிறு கட்டி இழுத்தாங்க. அதுக்கும் கீழ யாரும் எறங்கல."

"எறங்கிப் பாப்போம்," என்றாள் சப்ரின்.

மூவரும் பிக்கப்பில் போனார்கள். நண்பகல்தான், ஆனால் அந்த வளைவில் மேகம் ரோட்டிலேயே படுத்திருந்தது. ஜாசிம் கயிற்றை மரத்தில் கட்டி முதலில் இறங்கினான். வண்டி கிடந்த இடத்தில் செடிகள் முறிந்து காய்ந்திருந்தன. பறவைச் சத்தம்கூட இல்லை. அதற்குக் கீழேயிருந்து, காற்றில் சும்மா சுற்றும் சக்கரத்தில் செயின் ஓடுவது போல மெல்லிய ஒலி கேட்டது. மூவருமே கேட்டார்கள். ஒலி வந்த பக்கமாக இறங்கினார்கள்.

உண்ணிச்செடிப் புதருக்குள் நீல நிற மழைக்கோட்டு ஒன்று கிடந்தது. அதற்குள் எலும்புகள். ஒலி நின்றுவிட்டது. ஜோதிமணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜாசிம் மேலே ஏறிப்போய் போலீசுக்கு போன் செய்தான்.

அடுக்கத்தில் காப்பிப்பழம் பறிக்கும் வேலுத்தாயின் மகன் தங்கமுத்து அது. கையிலிருந்த செம்புக் காப்பை வைத்து அவள் அடையாளம் சொன்னாள். ஐப்பசியிலிருந்து மகனைக் காணவில்லை. திருப்பூருக்கு வேலைக்கு ஓடிவிட்டான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்றவனைச் சேனாதிபதி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். வண்டியில் இரண்டு பேர் என்பது யாருக்கும் தெரியவில்லை.

தங்கமுத்துவை எரியூட்டிய அன்று ஜோதிமணி போனாள். ஏசுவார்கள் என்று பயந்துகொண்டுதான் போனாள். வேலுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நனையாம போகட்டும்னுதானத்தா உங்க அண்ணன் ஏத்திக்கிட்டான். எம்புள்ளயும் தனியா சாகல," என்றாள்.

மறுநாள் சப்ரின் மறுபடி நூல் பிடித்தாள். அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் போய்ப் பட்டறையைத் திறந்தாள். சக்கரம் வைத்தபடியே நேராக நின்றது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் நின்றது. ஊர் ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். கையை எடுத்தாலும் வண்டி கோடு போட்டதுபோல நேராகப் போனது.

வண்டியை எடுக்க வந்த ஜோதிமணி, பின் மட்கார்டின் மேல் ஒரு சின்ன சீட்டும், கால் வைக்கக் கம்பியும் வைக்கச் சொன்னாள்.

"ஹார்ட்டெயில்ல ஒத்த சீட்டுதான் அழகு. பின்னாடி உக்காந்தா இடுப்பு ஒடிஞ்சு போகும். யாரு உக்காரப் போறா?"

"இருக்கட்டுங்கக்கா," என்றாள் ஜோதிமணி. சப்ரின் சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்தாள்.

இப்போது ஜோதிமணி சந்தை நாட்களில் மூஞ்சிக்கல் வழியாகப் போகிறாள். பட்டறையைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பாள். வெயில் நாளில் சப்ரின் வாசல்வரை வந்து பேசுவாள். பனி இறங்கிய நாளில், உள்ளேயே குனிந்து வேலை பார்த்தபடி கையை மட்டும் உயர்த்துவாள். அந்தப் பின் சீட்டு கண்ணில் பட்டுவிடாதபடி, வண்டி போய்ச் சத்தம் அடங்கும்வரை ரோட்டுப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டாள்.