பத்து நாள் மாத்திரை

என் மனைவியின் மாத்திரையைத் திருடித் தின்றவன் நான். அவள் சாவின் வாசல்வரை போய்வந்தது அதனால்தான்.

இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கங்காணி. போன மழைக்காலத்தில் என் மனைவி செல்வராணிக்கு வயிற்றால் இரத்தமாய்ப் போயிற்று. அமீபாக் கிருமி என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். உறையில் சிங்களத்தில் 'பத்து நாள்' என்று எழுதியிருந்தது. அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்!

நாலாம் நாள் அவளுக்குச் சுகமானது. அன்றைக்கே எனக்கும் அதே கழிச்சல்... டிஸ்பென்சரி வரிசையில் போய் நின்றால், எனக்குக் கீழே கொழுந்தெடுக்கும் பெண்கள் சிரிப்பார்களே! பாழாய்ப்போன கௌரவம்.

"உறையில நாலு நாள்தான் எழுதியிருக்கு, போதும் புள்ள" என்றேன்.

"அப்பாடா! வாயெல்லாம் ஒரே கசப்பு" என்று அவள் சந்தோஷப்பட்டாள். மிச்சத்தை நான் ஒளித்து ஒளித்து விழுங்கினேன். எனக்குக் குணமாயிற்று.

சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. ஒரு காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டவள் எங்கள் லயத்து வீட்டு வாசலிலேயே சுருண்டு விழுந்தாள். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈரலில் கட்டியிருந்த சீழ் வயிற்றுக்குள் உடைந்துவிட்டதாம். வயிற்றைத் திறந்து கழுவினார்கள். அதே மருந்தைத்தான் போத்தலில் ஏற்றினார்கள்... அதே மருந்து!

பிழைத்துவிட்டாள். அந்த டாக்டரை, அவளைக் கைத்தாங்கலாய் நடக்கவைத்த நர்ஸ் மிஸ்ஸிமாரை, லொறி ஓட்டியவரை நினைத்தால் இன்றும் என் கை தானாகக் கும்பிடுகிறது. அவள் மறுபடி கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஆனால்... முதலில் கொடுத்த மாத்திரையை முழுக்கக் குடித்தாளா என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். அவளிடம் தமிழில் கேட்டுச் சொன்னவன் நானே.

"ஆமான்னு சொல்லுங்க. நீங்கதானே நேரந் தவறாம கொடுத்தீங்க" என்றாள்.

ஆம் என்று சொன்னேன். அப்போதாவது ஏன் என் வாய் திறக்கவில்லை?

போன வாரம் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரியாயிக்கும் வயிற்றுப்போக்கு, அதே மாத்திரை. செல்வராணி அக்கறையாகச் சொன்னாள்: "நாலு நாளு போட்டாப் போதும்டி."

பதறிப்போனேன். "இல்ல! பத்து நாளும் போடணும்!"

"அப்ப எனக்கு நாலுன்னீங்களே?"

"சிங்களத்த... தப்பா வாசிச்சிட்டேன் புள்ள."

"அட, அதுக்கா மூஞ்சி இப்படிப் போகுது? நீங்க லொறி புடிச்சு ஓடலேன்னா இன்னைக்கு நான் ஏது?"

மன்னித்துவிட்டாள்... நான் செய்யாத தப்பை!

பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். அதையும் வாங்கிக் குடித்தேன்.