மாமியின் கிணற்றில் விட்ட மீன்கள்

மழை விட்ட காலை. மாட்டுத் தொட்டிக்கு மேலே சாய்ந்த பூவரசுக் கிளையில், கோழிமுட்டையை அடித்து ஊற்றியது போல வெள்ளை நுரை. தொட்டால் பிசுபிசுத்தது.

“எவனோ துப்பி வச்சிருக்கான், தொடாத பிள்ளே” என்றாள் அம்மா.

அது மரத்தவளையின் முட்டைக்கூடு என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. பாறசாலைப் பக்கம் பள்ளிகள் இரண்டு நாள் திறக்கும், பத்து நாள் அடைக்கும். எங்கள் வகுப்பில் தவளைப் பாடம் முட்டையோடு நின்றுபோனது. வழியில் பயம் என்று அப்பாவும் என்னை வீட்டில் இருத்திவிட்டார். பக்கத்து வீட்டு மாமி, அப்பாவின் அக்கா, அதையே பிடித்துக்கொண்டாள். “பெண்பிள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு போதும்டே. இனி விடாத.”

“பாப்போம்” என்றார் அப்பா. அதுதான் எனக்குப் பயம்.

அந்தக் கிளையை ஒடித்து, தண்ணீர் நிறைத்த மண்சட்டிக்கு மேலே கட்டினேன். சில நாளில் நுரை இளகி, கறுப்புப் பொட்டுகள் வாலோடு தண்ணீரில் சொட்டின. அவித்த கீரை போட்டேன். அரித்து அரித்துத் தின்றன.

ஒருநாள் மாமி வந்து சட்டியைப் பார்த்தாள். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்க மீன்குஞ்சு விடுவது வழக்கம்.

“நல்ல மீனாக்கும்! என் கெணத்துக்குக் கொஞ்சம் கொண்டுபோறேன்.”

“மாமி, அது மீனில்ல...”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமி ஒரு செம்பு நிறைய அள்ளிப் போய்விட்டாள்.

மழைக்காலம் முடியும் நேரம். ஒரு சாயங்காலம் மாமி வாளியோடு வந்து நின்றாள். உள்ளே நான்கு குட்டித் தவளைகள்.

“ஏட்டி! என் மீனையெல்லாம் இதுவ தின்னுபோட்டு!”

“மாமி, அதுதான் உங்க மீனு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா ரப்பர் பால் வெட்டும் கத்தியைக் கழுவியபடி நின்றார். நான் பேச ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.

“முட்டையில இருந்து வாலோட வரும். அப்ப மீன் மாதிரி தண்ணிக்குள்ளயே மூச்சு விடும். பொறவு பின்னங்கால், அதுக்குப் பொறவு முன்னங்கால். வால் அறுந்து விழாது, ஒடம்போட சுருங்கிப்போவும்.”

“நாளைக்குப் பாம்புக்கும் காலு மொளைக்கும்னு சொல்லுவா!”

சட்டியைக் காட்டினேன். நான்கு காலும் பாதி வாலுமாக ஒன்று ஓரத்தில் ஒட்டியிருந்தது. அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“அக்கா, பள்ளியில பாதிதான் சொல்லிக் குடுத்தாவ. மீதிய இவளே பாத்துப் படிச்சிருக்கா. பள்ளி தெறந்தா நானே கொண்டு விடுவேன்.”

கொண்டு விட்டார்.

எல்லை எங்களுக்கு அப்பால் போய் விழுந்தது. நாங்கள் கேரளத்தில் நின்றோம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது, விலங்கியலில். இப்போது நான் பாடம் எடுக்கும் பள்ளியில் முட்டை முதல் தவளை வரை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகளில் இருக்கின்றன. பிள்ளைகள் ஒரே மணி நேரத்தில் பார்த்து முடிக்கிறார்கள். எனக்கு ஒரு மழைக்காலமே வேண்டியிருந்தது...

பட்டம் வாங்கி வந்த அன்று, உதியன்குளங்கரைச் சந்திப்பில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் அப்பா சொன்னார்: “எம் மவளாக்கும்.” நான் வெட்கப்பட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

இன்று அப்பா இல்லை. இருந்திருந்தால், அவர் அப்படிச் சொல்லும்போது முன்னால் வந்து நின்றிருப்பேன்.