ஜைனுலாப்தீனின் இரண்டரை மணி நேரம்

“ஏர்போட்டுக்கு ஏர்போட்டு எவ்வளவு நேரம்?” என்று கேட்டுக்கொண்டே ஜைனுலாப்தீன் ரொட்டி மாவை வீசி விரிக்கிறார். மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய சிலிபினில் அவருடைய சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் பயணம் என்று வாயைத் திறந்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். இன்று மாட்டிக்கொண்டவர் லாரி ஓட்டும் தனேஷ். ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறாராம்.

“ஒன்றர மணி இருக்கும்ணே.”

“பாரு! இங்க தின்ன நாசி லெமாக் செரிக்கிறதுக்குள்ள சிங்கப்பூர்லா!” கல்லில் ரொட்டி கருகுவதுகூடத் தெரியாமல் சிரிக்கிறார்.

அறுபத்தைந்து வயது. கட்டம் போட்ட கைலி, முழங்கை வரை மாவு. பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். பினாங்கு வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. உம்மா இறந்தபோது தந்திதான் வந்தது. அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. எத்தனையோ முறை விமானத்தில் போய்வந்த பிறகும் அவருக்கு அந்த வியப்பு தீரவில்லை. “கோலாலம்பூருக்கும் திருச்சிக்கும் ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல. நாங்க வாந்தி எடுத்து எடுத்துக் கடந்த கடலு. இப்ப ஒரு தூக்கம்!”

சென்ற ஆண்டு ஒரு காலை, கடை திறக்கும் நேரத்தில் நாகூரிலிருந்து அக்கா மகன் அழைத்தான். “மாமா, உம்மா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அடக்கம்.”

நோயாளி அக்கா சக்கீனாவைப் பார்க்க அடுத்த வாரம் போவதாக இருந்தார். விசா கையில் இருந்தது. மகன் ஷாஃபி கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் காரை விரட்டினான். பதினொன்றரைக்கு விமானம் கிளம்பியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திருச்சி சேர மூன்றேகால் தாண்டும். அங்கிருந்து காரில் இன்னும் மூன்று மணி நேரம். எட்டாது. கீழே கடல் பளபளத்துக்கொண்டிருக்க, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சக்கரம் தரையைத் தொட்டது. திருச்சியில் நேரம் இப்போது பகல் ஒரு மணி என்றது பணிப்பெண்ணின் குரல்.

“எனக்கு வெளங்கல,” என்று தனேஷிடம் சொல்கிறார். “பக்கத்து சீட்டு ஆள உலுக்கிக் கேக்குறேன். ‘ஆமா பாய், நம்ம ஊரு நேரம் மலேசியாவுக்கு ரெண்டரை மணி பின்னாலல்ல?’ங்கிறாரு. தெரிஞ்ச விசயந்தான்லா. அன்னிக்கு மறந்துபோச்சு. அல்லாவே எடுத்து வச்சிருந்து கையில குடுத்த மாரி இருந்துச்சு.”

நாகூரில் அந்தத் தெருவுக்குள் கார் நுழைந்தபோது, மையத்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்ற ஆட்கள் குனிந்திருந்தார்கள். “இருங்க, மாமா வந்துட்டாங்க!” என்று அக்கா மகன் கத்தினான். பெட்டியைத் திறந்து முகத்துணியை விலக்கினார்கள்.

கதை இந்த இடத்துக்கு வந்ததும், தனேஷின் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, வலக்கையைக் கைலியில் அழுத்தித் துடைக்கிறார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றில் அக்காவின் நெற்றி இருந்த உயரத்துக்கு மெல்லத் தாழ்த்தி, அப்படியே வைத்திருக்கிறார்.