அக்கா கழுவிய குடுவைகள்

முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பியின் வணக்கம். அக்காவின் நற்குணங்களை எழுதும்படி சித்தப்பா பணித்தார். எழுதுகிறேன். கூடவே என்னுடைய ஈனச் செயல் ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு எதை எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

அக்கா நெல்லித்தோப்பில் பிறந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து செர்த்திபிகா என்னும் பள்ளித் தேர்வில் தேறினார். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போன ஆண்டில் அப்பா காலமானார். அப்போது அக்காவுக்கு ஒரு வரன் பேசியிருந்தார்கள். "தம்பி படிப்பு முடியட்டும்" என்று அக்காவே சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. அக்கா நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் வேலையில் சேர்ந்து என்னை வேதியியல் படிக்க வைத்தார். அதே கூடத்தில் உதவியாளர் இடம் காலியானபோது எனக்கு வந்து சொன்னவரும் அவர்தான்.

அங்கு நாங்கள் செய்த வேலையை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் செரிமானம் முதலிய வேலைகளைச் செய்யும் நொதிகள் சிலவற்றுக்குள் துளியூண்டு துத்தநாகம் இருக்கிறது. அதை நீக்கினால் நொதி செயலற்றுப் போகும். பிறகு அந்த இடத்தில் கதிரியக்கத் துத்தநாகத்தைச் சேர்த்தால், எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு நேரம் தங்கியது என்பதைக் கருவி எண்ணிக் காட்டும். ஆனால் நடுவில் சாதாரணத் துத்தநாகம் தூசியளவு கலந்தாலும் போச்சு. நாம் பேருந்தில் ஏறுவதற்குள் வேறு யாரோ துண்டு போட்டு இடம் பிடித்துவிட்ட கதைதான். ஆகவே குடுவைகள் படுசுத்தமாக இருக்க வேண்டும். அக்கா அவற்றை அமிலத்தில் ஊறவைத்து, இருமுறை வடித்த நீரில் ஆறு தடவை அலசுவார். அமிலம் பட்டு அவருடைய விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும்.

ஒரு கட்டத்தில் சோதனைகள் வரிசையாகக் கெட்டன. நாங்கள் எதையும் சேர்க்கும் முன்பே நொதி வேலை செய்யத் தொடங்கியது. கதிரியக்கத் துத்தநாகத்துக்கு உள்ளே இடமில்லை. நீரைச் சோதித்தோம், மருந்துகளைச் சோதித்தோம். எங்கள் தலைவரை எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்றுதான் அழைப்போம். "பின்ன எங்கேயிருந்துதான் வருது?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"கழுவறதுலதான் கோளாறு இருக்கணும் முசியே" என்றேன்.

அக்கா குடுவைத் தட்டோடு வாசலிலேயே நின்றிருந்தார். அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"ஆறு தடவ அலசுனேன்டா தம்பி. ஒண்ணு ரெண்டு வுட்டுப்போச்சோ இன்னாவோ. சரி வுடு, உன் வேல கெடக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் கழுவியும் சோதனை கெட்டது. எனக்கு அப்போது நான் பெரிய அழகன் என்று ஒரு நினைப்பு புதிதாக வந்திருந்தது. காலையில் முகத்திலும் கழுத்திலும் பவுடரை அப்பிக்கொண்டு போய், அதே விரல்களால்தான் நொதி இருக்கும் சவ்வுப் பைக்கு முடிச்சுப் போடுவேன். ஒரு மாதக் கடைசியில் பவுடர் தீர்ந்துபோய் நான்கு நாள் வெறும் முகத்தோடு போனேன். நான்கு நாளும் சோதனை சரியாக வந்தது. புது டப்பா வாங்கி, ஒரு சிட்டிகையை நீரில் கலந்து சோதித்துப் பார்த்தேன். துத்தநாகம்தான்.

அன்றோடு பவுடரை விட்டேன். வாயை மட்டும் திறக்கவில்லை. "புதுசா வந்தவர் நல்லா கழுவறார்" என்று முசியே பாராட்டியபோது, வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

உழவர்கரையில் நடந்த ஒரு கல்யாணத்தில் பாயசத் தவலையைக் கழுவ அக்கா உட்கார்ந்தார். "நீ வேணாண்டியம்மா, நீ கழுவித்தான் அந்த ஆபீசே மூடற நெலைக்கு வந்துச்சாமே" என்றார் அத்தை. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அவர் பாத்திரத்தைத் தொட்டதில்லை.

சென்ற ஆண்டு அக்கா நிமோனியாவில் படுத்தார். மருத்துவமனையில் மூன்றாம் நாள் என்னை அருகே கூப்பிட்டார்.

"ஏண்டா தம்பி, அந்தக் குடுவையில அப்படி இன்னாதான்டா தங்கியிருந்துச்சு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா, தூங்கு" என்றேன். மறுநாள் காலை அக்கா இயற்கை எய்தினார். என்னைப் போல் ஒரு கோழை பிறந்திருக்கவே வேண்டாம்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், இறுதி யாத்திரையில் தோள் கொடுத்த நெல்லித்தோப்பு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முசியேவுக்கும் நன்றி. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் போன வாரம் அவரிடம் கொடுத்தேன். படித்து முடித்துத் தாளை மடித்தார். பிறகு, "உங்க அக்காகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அத்தையும் இந்த மலரைப் பெற்றிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படிக்கத் தெரியாத நம் உறவினர்களுக்கு இந்தக் கடைசி வரியையாவது படித்துக் காட்டுங்கள். அக்கா கழுவிய குடுவைகள் அத்தனையும் சுத்தமாகவே இருந்தன.