"நீர்" என்று எழுதச் சொன்ன சந்தியாப்பிள்ளை அண்ணை

வியாழன் காலை அண்ணையின் மனைவி திரேசா அக்கா போன் எடுத்தார். "அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார், தங்கச்சி" என்றார். "எங்கை போனவர்?" என்று கேட்டேன். அப்படியொரு மொக்குக் கேள்வியை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. தேத்தண்ணியைக் கையில் எடுத்தவர் அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டாராம். முதல் நாள் மாலைதான் என்னோடு சண்டை பிடித்த மனிதர். இதை எழுதும்போதும் எனக்கு நம்ப முடியவில்லை.

உங்களில் பலருக்கு அவர் இங்கே ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம் பஸ் ஓட்டியவர். சிலருக்கு, கோயில் பாடற்குழுவின் கனத்த குரல். அகதியாகப் பாரிஸில் கோப்பை கழுவிய காலத்தில் பிரெஞ்சு படித்தவர், இங்கே ஒரு சின்ன ஒப்பெராக் குழுவில் சேர்ந்து பாடினார். "ஒப்பெரா எண்டாலும் கூத்துத்தான். உடுப்பு மட்டும் விலை கூட" என்பார்.

இந்த முறை அவர்கள் எடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஒப்பெரா. ஒரு வீரன், முகத்திரையை விலக்காத காதலி, அவளைப் பற்றி வெளியே சொல்வதில்லை என்று அவன் கொடுத்த சத்தியம். எங்கள் சனமும் பார்க்கவேண்டும் என்று, பாட்டு வரிகளைத் திரையில் தமிழில் காட்ட அண்ணை ஒழுங்கு செய்தார். அவர் பொருள் சொல்ல, நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் நான் எழுதினேன்.

அந்த வீரனை நான் "மாவீரன்" என்று எழுதிவிட்டேன்; எங்கள் சனத்துக்கு அது போரில் இறந்த போராளியைக் குறிக்கும் சொல். அண்ணை உடனே போன் எடுத்தார். "தங்கச்சி, முதல் பாட்டிலையே ஆளைச் சாக்காட்டிப் போட்டியளே. எங்கட சனம் எழும்பி நிண்டு விளக்கெல்லோ ஏத்தும். வெறும் வீரன் எண்டு விடுங்கோ, ஆள் கடைசிமட்டும் உயிரோடை பாடவேணும்." அன்று முழுக்கச் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

புதன்கிழமைச் சண்டை கடைசிப் பாட்டில் வந்தது. அதில் அவள் முகத்திரையை விலக்குகிறாள். அதுவரை மரியாதையாகப் பேசியவள், பிரெஞ்சில் அந்த இடத்தில் நெருக்கமான சொல்லுக்கு மாறுகிறாள். நான் "நீ" என்று எழுதியிருந்தேன். "நீ எண்டால் அடிக்க வாற மாதிரிக் கிடக்கு. நீர் எண்டு போடுங்கோ. மரியாதையும் இருக்கு, நெருக்கமும் இருக்கு" என்றார். பிள்ளைகள் தண்ணீர் என்று வாசித்துச் சிரிப்பார்கள் என்றேன். அவர் விடவில்லை. "அப்ப நீங்களே எழுதுங்கோ" என்று போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கின்மேல். விடிந்ததும் எடுத்துச் சமாளிக்கலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை அவருடைய உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த காலம் முழுவதும் திரேசா அக்கா எங்கள் முன்னால் அவரை "இஞ்சருங்கோ, நீங்கள்" என்றே கூப்பிட்டவர். பெட்டியை மூட வந்தபோது அவருடைய கன்னத்தில் கையை வைத்து, "நீர் என்னட்டையும் சொல்லாமல் போட்டீர், என்ன?" என்றார். மெல்லத்தான் சொன்னார். தனியே இருக்கும்போது அவர்கள் பேசிய சொல் அதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து கடைசிப் பாட்டு முழுவதையும் மாற்றி எழுதினேன். அடுத்த ஞாயிறு ஸ்காபரோ மண்டபத்தில் திரையில் "நீர்" என்று வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்தார்.

அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று நான் ஒருமுறை கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். புதன் மாலை முழுவதும் எனக்கு அதற்கு நேரம் இருந்தது.