ஒரு ஸ்பூன் பலம்

கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. வேப்பம்பட்டு வீட்டு வாசலில் நின்று மூன்று முறை தட்டிய பிறகுதான் பெரியம்மாவின் குரல் வந்தது. “என்னால எந்திரிச்சு வர முடியாது கண்ணு. பின்பக்கமா வா.” சமையலறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே பெரியப்பா தரையில் கிடந்தார். அவருடைய இடுப்புக்கு அடியில் பெரியம்மாவின் கால்கள் சிக்கியிருந்தன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது சரிந்துவிட்டாராம். ஒரு மணி நேரமாக இருவரும் அப்படியே இருந்திருக்கிறார்கள். பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்து, இருவரும் சேர்ந்துதான் அவரைத் தூக்கினோம்.

பெரியப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; ஆஜானுபாகு. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பெரியம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. அவர் தோளுயரம்கூட இருக்கமாட்டாள். உதவிக்கு வைத்த இரண்டு ஆட்களும் பெரியப்பா போட்ட கூச்சலில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வேறு கை பட்டால் அவருக்கு ஆகாது. பெங்களூரில் இருக்கும் அண்ணன், அவர்களுடைய ஒரே மகன், இருவரையும் தன்னோடு அழைத்துக்கொள்ள வீடு பார்த்துக்கொண்டிருப்பதாக வாராவாரம் சொல்வான்.

நான் அம்பத்தூரில் ஐ.டி. வேலையில் இருந்தேன். மாலையில் ஜிம்முக்குப் போவேன். அவர் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை என் பையிலிருந்த, தசை வலுவுக்காக நான் சாப்பிடும் கிரியேட்டின் பொடி டப்பாவைப் பெரியம்மா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத்தக் குடிச்சா பலம் வருமா? எனக்கும் குடு.” நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “என் கையிலேர்ந்து நழுவுறப்ப அவரு கண்ணுல பயம் தெரிஞ்சுது. அத்த நீ பாக்கல.”

திருநின்றவூரில் அவள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார். அவள் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, தினம் ஒரு சிறிய ஸ்பூன் போதும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். “உடற்பயிற்சி செய்யாம பொடிய மட்டும் சாப்பிட்டா பெரிசா ஒண்ணும் ஆகாதும்மா. இந்த வயசுல தசை தானா குறையும். அதை வேலை வாங்கணும். இன்னொன்னு, வேற எங்க ரத்தம் டெஸ்ட் பண்ணாலும் இந்தப் பொடி சாப்பிடறதைச் சொல்லிடுங்க. கிட்னிக்குப் பார்க்கிற கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடுதலாக் காட்டலாம்.”

அன்று முதல் பெரியம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துத் தூக்கினாள். முட்டி வலிக்கும் நாளில் பெரியப்பாவைத் திட்டிக்கொண்டே செய்வாள். அவர் இடது கையால் எண்ணிக்கை காட்டுவார். நான்கு மாதம் கழித்து அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது. “தனியா தூக்கி உக்கார வெச்சுட்டேன்டி! ஒருத்தர் கையும் படல.” அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

அந்த வாரமே வீடியோ காலில் அண்ணனுக்கும் தூக்கிக் காட்டினாள். அவன் கைதட்டினான். “அம்மாவே சூப்பரா பார்த்துக்கிறாங்களே!” என்றான். அதன்பிறகு வீடு பார்க்கும் பேச்சு வரவில்லை. அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாராவாரம் போய்க்கொண்டிருந்த நானும் மாதம் ஒருமுறை என்றாகிவிட்டேன். அவளுக்கு வந்த பலம் எங்களுக்கெல்லாம் ஓய்வானது. இரண்டு வருடம் அவள் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. என் கல்யாணத்துக்கும் வரவில்லை.

போன மாதம் போயிருந்தபோது, பெரியப்பாவுக்குத் தலை துவட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். “அன்னிக்கு நான் தூக்குனத அவனுக்குக் காட்டியிருக்கக் கூடாதுடி. முடியலன்னே சொல்லிக்கினு இருந்திருக்கணும்.” பெரியப்பா காதில் விழாதவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்து அண்ணனை அழைத்தேன். “நல்லாத்தானே இருக்காங்க?” என்றான். “நல்லா இருக்கிறதாலதான் மாட்டிக்கிட்டாங்க” என்றேன்.

அண்ணன் சனிக்கிழமையே வந்தான். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசினானோ, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை உதவிக்கு ஒரு பெண் வர பெரியப்பா சம்மதித்தார். முதல் நாள் கத்தினார். மூன்றாம் நாள் முறைத்ததோடு விட்டுவிட்டார். நான்காம் நாள் பெரியம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள்.

எங்கே போனாய் என்று மாலையில் போனில் கேட்டேன். “ஸ்டேஷனுக்கு. பீச்சு ஸ்டேஷன் வரிக்கும் டிக்கெட் கூட வாங்கிட்டேன். நாலு வண்டி போச்சு. இப்ப அவரு எந்தப் பக்கம் சாஞ்சிருப்பாரோன்னு நெனச்சிக்கினே பெஞ்சுல உக்காந்துட்டேன்.” ஏறுவதற்குக் கால் வலித்ததா என்று கேட்டேன்.

“காலுக்கு இன்னா, கல்லு மாதிரி கீது. மேம்பாலத்துல நிக்காம ஏறி எறங்கினேன். வண்டியிலதான் ஏறல.”

இப்போதும் தினமும் ஸ்டேஷனுக்குப் போகிறாள். ஏறிவிட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை.