இரண்டு கையால் திறக்கும் கேட்

1. முதல் நாள்

பிரசவத்துக்குப் பிறகு பழைய ஆபீசுக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அங்கே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அதனால் பாட்டாவின் வெல்டிங் ஒர்க்‌ஷாப்பில் போன் எடுக்கவும் கோட்டேஷன் போடவும் உட்கார்ந்தேன். பாட்டா என் அம்மாவின் அப்பா. நாகர்கோவில் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்க்கும் பிரிவில் வெல்டராக இருந்துவிட்டு வந்து, கரமனையில் கீழே ஒர்க்‌ஷாப், மேலே வீடு என்று கட்டிக்கொண்டவர். அந்த மேல் வீட்டில்தான் அம்மாவும் நானும் மகளும் அவரோடு இருந்தோம்.

முதல் நாள் எனக்குக் கிடைத்த உத்தரவு ஒன்றுதான்.

"போன்ல நாளைக்குன்னு சொல்லப்பிடாது மக்ளே. கெழமையச் சொல்லு. நாளைக்குன்னா அவனும் நம்ப மாட்டான், நாமளும் செய்ய மாட்டோம்."

ஜன்னல் கிரில் எதுவானாலும் டெலிவரிக்கு முன்னால் கம்பி இடைவெளியில் உரித்த தேங்காய் ஒன்றை நுழைத்துப் பார்ப்பார். காய் நுழைந்தால் பிள்ளையின் தலையும் நுழையும் என்பது அவர் கணக்கு. கேட் என்றால் அதில் ஏறித் தொங்குவார். எழுபது தாண்டியும் இதை விடவில்லை. செல்வராஜ் என்ற வெல்டர் பின்னால் கைகளை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"கேட்டு நிக்கும் ஆசானே. நீங்க நிப்பியளா?"

"நான் விழுந்தா வெல்டு உன்னுது, கேட்டியா?"

2. கஸ்டமர்

மகள் நடக்கத் தொடங்கியதும் மாடிப்படியின் மேல்முனையில் கேட் போட வேண்டும் என்று சொன்னேன். பாட்டா என்னை எழுப்பி மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரவைத்தார். கஸ்டமர் அங்கேதான் உட்கார வேண்டுமாம். பிறகு மகளின் தலைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தேங்காயாக வைத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் சின்னதை எடுத்துக்கொண்டார்.

இடுப்பளவு கேட். தாழ் மேலே இருந்தது. மாட்டி முடித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

"பாட்டா, இவ ஸ்டூல் போட்டு ஏறினா?"

"ஏறுனா எட்டும்."

"அப்போ?"

கேட்டைக் கழற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முழங்கால் உயரத்தில் ஒரு கொண்டி சேர்ந்திருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தால்தான் மேல் தாழ் நகரும்.

"ஸ்டூல்ல நின்னா கீழ எட்டாது. கீழ நின்னா மேல எட்டாது. இனி என்ன பயம் உனக்கு?"

வேறு பயங்கள் இருந்தன. கேட் சம்பந்தமாக ஒன்றும் இல்லை.

3. செவ்வாய்க்கிழமை

மகளுக்கு இரண்டு வயது முடிந்த சமயம் பாட்டாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கால் மெதுவாகத் தேறியது. வலது கை தேறவில்லை. பிசியோதெரபியைப் 'பரேடு' என்று சொல்லி ஒரு நாளும் தவறாமல் செய்தார். "ஆள் துணையோட படி இறங்கலாம்" என்றார் டாக்டர். நான் 'ஆள் துணையோட' என்பதைக் கேட்டேன். பாட்டா 'இறங்கலாம்' என்பதைக் கேட்டார்.

ஒரு கையால் அந்தக் கேட்டைத் திறக்க முடியாது. திறந்துவிடு என்று கேட்கும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. காலையில் சட்டை போட்டுக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நிற்பார். பக்கத்தில் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"அக்கா, அந்தக் கீழக் கொண்டிய வெட்டிரட்டா? அஞ்சு நிமிசம்" என்றார் செல்வராஜ்.

"வேண்டாம். பிள்ளை ஸ்டூல் போட்டா?"

"ஸ்டூல எடுத்து உள்ள வையுங்க."

வேண்டாம் என்றேன். உண்மையில் அந்தக் கேட் இரண்டு பேரையும் எனக்காகப் பார்த்துக்கொண்டது. பாட்டா படியில் விழுந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார் என்று அம்மா சொல்லத் தொடங்கியிருந்தாள். பாட்டாவும் ஒரு நாள் கேட்டார்.

"கீழ வேல உண்டா?"

"உண்டு பாட்டா."

"அப்பம் நான் எப்பம் எறங்கட்டு?"

வாய்க்கு வந்தபடி செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றேன்.

"சரி" என்றார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு மறந்துபோனது. அக்ரஹாரத்து மாமி ஒருவர் காலையிலேயே வந்துவிட்டார்.

"உங்க கேட்டு கத்தறதுடீம்மா. நான் கோயிலுக்குக் கெளம்பினா தெருவே முழிச்சுக்கறது."

"எண்ணெய் விட்டீங்களா மாமி?"

"தேங்கா எண்ணெய் விட்டேனே. நெறைய விட்டேன்."

மேலிருந்து பாட்டாவின் குரல் கேட்டது. "ஹவில்தார், தூக்கு. விடாத. பிடிச்சுக்கோ." மகளைத்தான் அவர் ஹவில்தார் என்று கூப்பிடுவார். விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். தாழ் நகரும் சத்தம் வந்தபோதுதான் புரிந்தது. கீழ்க் கொண்டியை அவள் தூக்கியிருக்கிறாள். மேல் தாழை அவர் இழுத்திருக்கிறார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாதிப் படி வந்திருந்தார்கள். இருவரும் பின்பக்கமாக இறங்கினார்கள். பிள்ளைகள் அப்படித்தான் இறங்கும். பாட்டாவுக்கும் வேறு வழியில்லை. இறங்கும்போது கைப்பிடி வலது பக்கம். அவருக்கு இருந்ததோ இடது கை. திரும்பி நின்றால்தான் அது கைப்பிடிக்கு எட்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து விழுந்துவிடுவாரோ என்று நான் சத்தம் போடவில்லை. கைகளை நீட்டிக்கொண்டு கீழே நின்றேன்.

தரையில் கால் வைத்ததும் பாட்டா முதலில் மாமியைப் பார்த்தார்.

"தேங்கா எண்ணெ தலைக்கு. கேட்டுக்கு கிரீஸு. செல்வராஜு, மாமி வீட்டுக்கு எப்பம் போறே?"

"நாளைக்கு ஆசானே."

பாட்டா என்னைப் பார்த்தார். நான் வியாழக்கிழமை என்றேன்.

அன்று மத்தியானம் செல்வராஜைக் கூப்பிட்டேன். கேட்டைத் தொட வேண்டாம், படிக்கு இடது பக்கமும் கைப்பிடி வேண்டும், இரண்டு பக்கமும் மகளுக்கு எட்டுகிற உயரத்தில் இன்னொரு பைப்பும் ஓட வேண்டும் என்றேன். தினமும் காலையில் கேட்டைத் திறந்து பாட்டாவை இறக்குவது என் வேலை என்றும் சொன்னேன். வேலை முடிந்ததும் பாட்டா இடது கையால் பைப்பைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் போட்டுப் பார்த்தார். வெல்டைத் தடவினார்.

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு. கிரைண்டிங் பிடி."

அதன் பிறகு போன மழைக்காலம் வரை, கடைசிக் காய்ச்சல் வரும்வரை, தினமும் முன்பக்கமாகவே இறங்கி வந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மாடிக் கேட் கேட்டு வரும் தாய்மாரிடம் கைப்பிடி எந்தப் பக்கம், வீட்டில் வயதானவர் உண்டா என்று முதலில் கேளுங்கள். கேட் மட்டும் போதும் என்பார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி போடாமல் நான் கேட் வேலை எடுப்பதில்லை. சில வேலைகள் கைவிட்டுப் போகின்றன. செல்வராஜுக்கு அதில் வருத்தம் உண்டு.